சிவப்பு உடையும் திருநாளும்

கேள்வி: கையில் திறவுகோல் ஏந்திய இராயப்பர் சுரூபத்தின் முன் குருவானவர் சிவப்பு உடையில் பூசை வைக்கிறார். புனிதர்களின் பிறந்த நாளை விட்டு இறந்த நாளைக் கொண்டாடுவது ஏன்? – வாசகி, இராயபுரம்.

பதில்: புனிதர் ஒருவர் உலகை விட்டுப் பிரியும் நாளையே விண்ணகத்தில் அவர் பிறந்த நாளாகத் திருச்சபை தொடக்கக் காலம் முதல் எண்ணி வருவதால், பெரும்பாலான திருநாள்கள் அவ்வாறே அமைகின்றன, சிவப்போ விசுவாசத்துக்காக உயிர் நீத்த மறைசாட்சிகள் சிந்திய இரத்தத்தின் நிறம். உங்கள் ஊருக்கே பெயர் தந்த இராயப்பருக்கும் சின்னப்பருக்கும் (இன்று பேதுரு, பவுல் என்கிறோம், பழைய பெயர்களின் அழகே தனி) ஜூன் 29. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட மறைப்பணியாளர் அருளானந்தருக்கும் (ஜான் டி பிரிட்டோ), 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்டு 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்துக்கும் அந்தந்த நாள்களே திருநாள்கள். திருமுழுக்கு யோவானுக்கோ ஜூன் 24 பிறப்பு, ஆகஸ்ட் 29 பாடுகள் (கொலையுண்டதன் நினைவு) என இரண்டு உண்டு; பிறப்பு விழாவில் உடை வெள்ளைதான்.