ஊசியை விடுங்கள், கயிற்றைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஐந்து வயதுப் பெண் குதிரை ஒன்று வாங்கினோம். குட்டியானை வண்டியில் ஏற்றி மேட்டூர், மேச்சேரி, தொப்பூர் வழியாகப் பென்னாகரம் கொண்டுவந்தோம். ஆடாமல் இருக்கத் தலையை மேலே தூக்கி, மேல் கம்பியில் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தோம். அப்படியும் வழியெல்லாம் உதைத்தது. ஒரு வேகத்தடையில் சறுக்கி முழங்காலில் தோல் உரிந்துவிட்டது. வந்து இரண்டு நாளாகக் கொள்ளுத் தீனியைத் தொடவில்லை, லேசாக இருமுகிறது. பயண அலுப்புதான் என்கிறார் விற்றவர். அடுத்த மாதம் ஓசூரில் கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். ஏற்றும் முன் மயக்க ஊசி போட்டால் மரம் மாதிரி நிற்குமாம். எந்த ஊசி, எத்தனை மில்லி போடலாம்?
– பென்னாகரம் வட்ட விவசாயி

பதில்: மில்லி கணக்கு எழுத மாட்டேன். முதலில் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பாருங்கள். 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கலாம். 101.5-ஐத் தாண்டினால் அன்றைக்கே கால்நடை மருத்துவர் பார்த்தாக வேண்டும். காய்ச்சல் இல்லாவிட்டாலும் இருமலோடு இரண்டு நாள் தீனி எடுக்காத குதிரையை அவரிடம் காட்டாமல் விடாதீர்கள். அலுப்பு என்றால் ஒரு ராத்திரியில் தெளிந்திருக்கும். நீங்கள் எழுதியிருப்பது நுரையீரலில் சளி கட்டியதன் அறிகுறியாக இருக்கலாம். முழங்கால் காயத்தையும் சொல்லி ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி கேளுங்கள். கால்நடைகளில் ரணஜன்னிக்குக் குதிரை அளவுக்கு எளிதில் பலியாவது வேறில்லை.

நுரையீரல் கெட்டிருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கயிறுதான். குதிரை தன் மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் தலையைத் தாழ்த்தித்தான் வெளியேற்றும். மேய்கிற குதிரை நாளெல்லாம் தலை குனிந்தே இருப்பதால் அதற்கு நெஞ்சுச் சளி சுலபத்தில் வராது. தலையைத் தூக்கிக் கட்டினால் அழுக்கு உள்ளே இறங்கிக் கிருமி பெருகும். பயணம் முடிந்து ஓரிரு நாளில் காய்ச்சல், இருமல், தீனி வெறுப்பு. இது குதிரைக்காரர்கள் எல்லோரும் பார்ப்பதுதான். ஆனாலும் சந்தையில் பத்து வண்டிக்கு ஒன்பதில் குதிரைத் தலை கூரையைப் பார்த்துத்தான் நிற்கிறது.

கட்டும் வளையம் குதிரையின் தோள்பட்டை உயரத்தில் இருக்கட்டும். மூக்கு மார்பு மட்டத்துக்கு இறங்கும் அளவுக்குக் கயிறு விடுங்கள். அதற்கு மேல் விட்டால் முன்கால் கயிற்றைத் தாண்டிச் சிக்கிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள, கயிற்றை அவிழ்த்துத் தலை தரைமட்டம் வரை இறங்கக் கால் மணி நேரம் விடுங்கள். நனைத்த கொழுக்கட்டைப் புல்லைத் தரையில் போட்டால் அதுவாகவே குனியும். வைக்கோலை வலையில் கட்டி முகத்துக்கு நேரே தொங்கவிடுவது கெடுதல்: தலையும் மேலே, தூசியும் மூக்கில்.

கடிவாளத்தில் கட்டவே கூடாது, வாய் கிழியும். வாய்க்கம்பி இல்லாத, பருத்தி அல்லது தோல் தலைவாரில் கட்டுங்கள். வளையத்தில் முதலில் ஒரு சணல் கண்ணி போட்டு, கயிற்றை அந்தக் கண்ணியில் கட்டுங்கள். குதிரை விழுந்தால் சணல் அறுந்து கழுத்து தப்பும். நைலான் அறாது. முடிச்சு நுனியை இழுத்ததும் அவிழ வேண்டும்.

ஊசிக்கு வருகிறேன். தரகர்கள் கையில் புழங்கும் சைலசின் என்ற மயக்க மருந்து, ஓடும் வண்டியில் குதிரைக்கு மிகவும் தேவையான சமநிலையைத்தான் முதலில் பறிக்கும். வளைவில் காலை அகட்டி ஊன்ற முடியாமல் விழும். தூங்குகிற மாதிரி நிற்கும் குதிரை திடீரென்று உதைக்கவும் செய்யும். ஊசி போடும் கழுத்துச் சிரைக்கு அடியிலேயே மூளைக்குப் போகும் தமனி ஓடுகிறது. ஊசி தப்பி அதில் இறங்கினால் குதிரை அந்த இடத்திலேயே வலிப்பு வந்து சாயும். சந்தையில் ஊசியோடு குதிரை விற்பவரிடம் அந்தச் சாந்தத்தை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

குட்டியானையும் வேண்டாம். அதன் பெட்டி ஏழடிச் சொச்சம். மூக்கிலிருந்து பின்பக்கம் வரை நீட்டி நிற்கக் குதிரைக்கு அது போதாது. பிக்கப் எடுங்கள். மோட்டார் வாகன விதிப்படி குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டர் இடம் வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் நெருக்கி அடைக்காதீர்கள், காலை அகட்ட இடம் இல்லாவிட்டால் தடுமாறி உதைக்கும். உங்கள் குதிரை உதைத்ததில் பாதி இதனால்தான். கட்டும் வளையத்தை ஓட்டுநர் பக்கம் வையுங்கள்; சாலையின் இடது ஓரம் தாழ்ந்திருப்பதால் கனம் மேட்டுப் பக்கம் இருப்பது நல்லது.

தகரத் தளத்தில் வைக்கோல் மட்டும் போட்டால் வழுக்கும். மாட்டுக் கொட்டகை ரப்பர் பாயை விரித்து, மேலே ஈர மணல் தூவுங்கள். பக்கச் சட்டத்தின் கீழ் மூன்றடியைப் பலகையால் அடையுங்கள், குளம்பு இடுக்கில் போகாது. மார்புக்கு ஒன்று, பின்தொடைக்கு ஒன்று எனச் சாக்கு சுற்றிய மூங்கில் இரண்டு வேண்டும். மூன்று அங்குலத்துக்குக் குறையாத பருமன். ஏற்றும்போது பின்மூங்கிலைப் பூட்டிய பிறகே தலையைக் கட்டுங்கள். இறக்கும்போது தலையை அவிழ்த்த பிறகே பின்மூங்கிலை எடுங்கள். மாற்றிச் செய்தால், தலை கட்டுண்ட நிலையில் குதிரை பின்னால் பாயும். பெரிய விபத்துகள் நடப்பது இந்த இடத்தில்தான்.

ஏற்ற, வண்டியை மண் கரையில் பின்னால் விட்டுத் தளமும் மேடும் சமமாக நிறுத்துங்கள், ஏற்றுப் பலகையே தேவைப்படாது. முகத்தில் காற்றும் தூசியும் அறையாமல் முன்புறம் தார்ப்பாய் கட்டுங்கள், பின்புறம் திறந்திருக்கட்டும்.

ஓசூருக்குப் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக விடியற்காலையில் கிளம்புங்கள். கொள்ளு பாதிதான், தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், புது ஊர்த் தண்ணீரைச் சில குதிரைகள் தொடாது. ஆனால் இருமல் நின்று, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஊர்வலத் தேதியை ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.