ஓக் மரத்தை வெட்டவா, இன்ஷூரன்ஸை மாற்றவா?

கேள்வி: கலிபோர்னியாவில், சான் ஹோசேயின் கிழக்கு மலையடிவாரத்தில் எங்கள் வீடு. கூரை மேல் சாய்ந்திருக்கும் ஓக் மரத்தை எடுத்தால்தான் பாலிசியைப் புதுப்பிப்போம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கடிதம் அனுப்பியிருக்கிறது, மேலிருந்து எடுத்த போட்டோவோடு. வெட்ட 5,200 டாலர் கேட்கிறார்கள். வருட பிரீமியமே 2,400 டாலர்தான். பேசாமல் ஃபேர் பிளானுக்குப் போய்விடலாமா?

பதில்: வேண்டாம். வேறு எந்தக் கம்பெனியும் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் தராதபோது போய் நிற்கிற கடைசி வாசல்தான் ஃபேர் பிளான். தீ, மின்னல், புகை, வீட்டுக்குள் நடக்கும் வெடிப்பு, அடிப்படையில் இவ்வளவுதான் அதில் அடக்கம். குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர், திருட்டு, விருந்தாளி படியில் விழுந்து வழக்குப் போடுவது, இதற்கெல்லாம் தனியாக இன்னொரு பாலிசி வாங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இப்போது கட்டுவதைப் போல இரு மடங்கு ஆனால்கூட, மரம் வெட்டும் செலவு இரண்டு வருடம் சொச்சத்தில் ஈடாகிவிடும்.

அதற்காக நாளைக்கே ரம்பக்காரரைக் கூப்பிடாதீர்கள். ஒரு தையல் டேப்பை எடுத்துப் போய், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். 38 அங்குலமோ அதற்கு மேலோ வந்தால், உங்கள் தோட்டத்து மரமே ஆனாலும் சான் ஹோசே நகராட்சியின் அனுமதி வேண்டும். கூரையைத் தொடுகிற ஓக் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியிருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனி சொன்னது என்று வெட்டிவிட்டால், அபராதம் கட்டப்போவது கம்பெனி இல்லை.

அப்புறம் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள். மரம் முழுதும் போக வேண்டுமா, கூரை மேல் வரும் கிளைகளைக் கழித்தால் போதுமா? எதைச் செய்தால் நிச்சயம் புதுப்பிப்பார்கள்? போனில் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு பைன் மரங்களை வெட்டிச் சாய்த்த பிறகு, கூரை பழையது என்று சொல்லி, வெட்டச் சொன்ன கம்பெனியே கைவிட்டுவிட்டது. மரமும் போச்சு, பாலிசியும் போச்சு.

புதுப்பிக்கப் போவதில்லை என்றால் 75 நாள் முன்னதாக, காரணத்தோடு தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அனுமதிக்கு விண்ணப்பித்த நகலை அனுப்பி அவகாசம் கேளுங்கள். மசியவில்லையா, மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் கொடுங்கள். எது செய்தாலும் பாலிசி ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது. வீட்டுக்கடன் இருந்தால் வங்கியே ஒரு பாலிசி எடுத்து உங்கள் கணக்கில் ஏற்றும். விலையும் அதிகம், உங்கள் சாமான்களுக்கும் பாதுகாப்பு இருக்காது.

வெட்ட வருபவரிடம் மாநில உரிமம் இருக்கிறதா, தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். கிளையிலிருந்து ஆள் விழுந்தால் 5,200 டாலரோடு நிற்காது. வேலை முடிந்ததும் கூரைத் தண்ணீர் போகும் கால்வாயில் கிடக்கும் சருகையும் அள்ளச் சொல்லுங்கள். பறந்து வரும் தீப்பொறி அங்கேதான் பற்றும். காட்டுத்தீக்கு எதிராக வீட்டைப் பாதுகாத்தால் பிரீமியத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2022-லேயே அந்த மாநிலத்தில் விதி வந்துவிட்டது. பில், முன்னும் பின்னும் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் அனுப்பி, அதையும் கேட்டு வாங்குங்கள்.