பதினான்காம் லூயியும் பத்து மணிச் சாப்பாடும்

கேள்வி: நம் ஊருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது அங்கே ராஜாவாக இருந்த பதினான்காம் லூயி, ஒரே வேளையில் நான்கு தட்டு சூப், முழு ஃபெசன்ட் (கோழி இனக் காட்டுப் பறவை) என்று வெளுத்துக் கட்டியும் 76 வயது வரை இருந்தாராமே? நம் டாக்டர்கள் மூன்றாவது இட்லிக்கே முறைக்கிறார்கள். யாரை நம்புவது?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: டாக்டரை நம்புங்கள். அந்தச் சாப்பாட்டுக் கணக்கை எழுதி வைத்தவர் லூயியின் தம்பி மனைவி. நீங்கள் சொன்னது பாதிதான். கவுதாரி, சாலட், பூண்டு போட்ட ஆட்டுக்கறி, பன்றித் தொடைக்கறி, இனிப்புப் பண்டங்கள், பழம், அவித்த முட்டை என்று பட்டியல் இன்னும் நீளும். ஆனால் இதையெல்லாம் ராஜா ருசித்து மென்றதாக நினைக்காதீர்கள். 1685 வாக்கில் அவருடைய மேல்வரிசைப் பற்களைப் பிடுங்கப் போய், தாடை எலும்பில் ஒரு துண்டும் சேர்ந்து பெயர்ந்துவிட்டது. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. ஓட்டையை அடைக்கப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பலமுறை சூடு போட்டார்கள். மயக்க மருந்து இல்லாத காலம், நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மெல்லுவது எங்கே, விழுங்குவதுதான். கால்மூட்டு வீங்கும் கீல்வாதம் வேறு.

சூடாகவாவது சாப்பிட்டாரா என்றால் அதுவும் இல்லை. வெர்சாய் அரண்மனையின் பெரிய சமையற்கட்டு தெருவுக்கு அந்தப் பக்கம், தனிக் கட்டடத்தில் இருந்தது. அங்கிருந்து காவலர்கள் புடைசூழ ஊர்வலமாக வரும். விஷம் இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் ராஜா கை வைக்கலாம். கையேதான், முள்கரண்டி அவருக்கு ஆகாது. இரவு பத்து மணிக்கு, சுற்றிலும் ஆட்கள் நின்று வேடிக்கை பார்க்க, ஆறிப்போன இறைச்சி. நம் வீடுகளில் அப்படிப் பரிமாறினால் தட்டு பறக்கும். அவருக்கோ அது தர்பாரின் இன்னொரு பகுதி, பசியெல்லாம் இரண்டாம்பட்சம்.

அவர் ஒருவர் வயதை மட்டும் எடுத்துக் காட்டுகிறீர்களே! 1693, 94-இல் விளைச்சல் பொய்த்து அதே பிரான்சில் பத்து லட்சம் பேருக்கு மேல் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். அவர்களையும் கணக்கில் சேருங்கள். அரண்மனைச் சாப்பாடுதான் ஆயுளைக் கூட்டியது என்றால், அதைத் தின்றே வளர்ந்த மகன் 1711-இல் பெரியம்மையிலும், பேரன் 1712-இல் தட்டம்மையிலும் அவருக்கு முன்பே போயிருக்கக் கூடாது. 1715-இல் லூயி கண்மூடியபோது பட்டத்துக்கு வந்தது ஐந்து வயதுக் கொள்ளுப்பேரன்.