படையில் சேர்பவர்கள் உண்மையில் எதை எதிர்பார்த்துச் சேர்கிறார்கள்?

இலங்கை இராணுவத்தில் சேர்பவர்களை இழுப்பது நாட்டுப்பற்றுதானா, அவர்களுடைய சொந்த ஆசைகள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படையில் இருந்தவன் அல்லன். 2002ஆம் ஆண்டு யுத்த நிறுத்தத்துக்குப் பின்னர் மட்டக்களப்பு – கல்முனை வீதியில், ஒரு முகாமுக்கு அண்மையில், கொமினிகேசன் கடை நடத்தியவன். கைத்தொலைபேசி எல்லோர் கைக்கும் வராத அந்த நாட்களில் சிப்பாய்கள் வீட்டுக்குப் பேச எங்கள் கடைக்கு வருவார்கள்; எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால், பலகைத் தடுப்புக்கு அப்பால் பேசுவது வேண்டாமென்றாலும் காதில் விழும்.

நாட்டைப் பற்றி அவர்களில் எவரும் பேசி நான் கேட்டதில்லை. (தாயிடம் யார்தான் அதைப் பேசுவார் என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயமே.) அத்திவாரம் போட்டாயிற்றா, மேசன் வந்தாரா, சீமெந்து விலை ஏறிவிட்டதா என்பதுதான் பேச்சு. கோப்ரல் ஒருவர் சம்பளம் கிடைத்த கையோடு வந்து, சிகரெட் பெட்டியின் உட்தாளில் எழுதிய கணக்கை மேசையில் விரித்து, தங்கையின் கலியாணச் சீட்டுக்கு இவ்வளவு, கல்லுக்கு இவ்வளவு என்று தாயிடம் ஒவ்வொன்றாகச் சொல்வார். மீட்டர் ஓடுவதைப் பார்த்தபடியே தன் சுகத்தை மட்டும் ஒரு சொல்லில் முடித்துவிடுவார்.

அவர்களில் பலர் அயலூர்க்காரர்கள். அம்பாறை மாவட்டத்தின் உகன, தமன பக்கத்துப் பிள்ளைகள். 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் அவர்களுடைய பாட்டன்மாருக்குக் காணி கிடைத்தது. ஆனால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட காணியை நினைத்தபடி துண்டாட முடியாது, பொதுவாகப் பெற்றோருக்குப் பின் அந்த உரிமை ஒரு பிள்ளைக்கே போகும். வயல் ஒருவனுக்குப் போய்விட்டால் சாதாரண தரத்தோடு படிப்பு நின்ற மற்றவனுக்கு மாதச் சம்பளம் தரும் அரச வேலை என்று எட்டிய தூரத்தில் இருந்தது படைதான். 22 ஆண்டு சேவை முடித்த சிப்பாய்க்கு ஓய்வூதியம் உண்டு என்பதால், இருபதில் சேர்ந்தவர் நாற்பத்திரண்டில் வீட்டுக்கு வந்து, ஓர் ஆட்டோ வாங்கியோ கடை போட்டோ இன்னொரு வாழ்க்கையைத் தொடங்கலாம். 2004இல் ஐக்கிய நாடுகள் பணிக்காக ஹெயிட்டிக்கு ஆட்களை அனுப்பத் தொடங்கியபோது, கடைக்கு வந்தவர்களின் பேச்சில், போகிறவர்களின் பட்டியலே முதலிடம் பிடித்தது. அந்தப் பணிக்குக் கிடைக்கும் படிப்பணத்தில் வீட்டுக்குக் கூரை போட்டுவிடலாம் என்பது அவர்களுடைய கணக்கு.

இதையெல்லாம் சொல்வதால், அவர்கள் தமிழரான நம்மைப் பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் நிறுத்திச் சோதித்ததை நான் மறந்துவிட்டேன் என்று எவரும் நினைக்க வேண்டாம். ஒருவர் சேர்ந்த காரணம் வேறு, சேர்ந்தபின் செய்த வேலை வேறு. 1983 கலவரத்துக்குப் பின் ஆயுத இயக்கங்களுக்குப் போன நம் பிள்ளைகளை இந்தக் கணக்கில் அளக்கவும் முடியாது. சம்பளமோ ஓய்வூதியமோ இல்லாத இடத்துக்கு, சுற்றிவளைப்பையும் எரிந்த வீட்டையும் கண்டு கோபத்தில் போனவர்கள் இருந்தார்கள். பின்னாளில் விரும்பாமலே பிடித்துச் செல்லப்பட்ட சிறுவர்களும் இருந்தார்கள். அந்தச் சிறுவர்களிடம் போய், என்ன இலட்சியத்தோடு போனாய் என்று கேட்பது கொடுமை.

இன்று படைக்குப் போகும் வழியும் குறுகிவருகிறது. இராணுவத்தை 2030க்குள் ஒரு இலட்சம் பேராகக் குறைக்கப்போவதாக அரசாங்கம் 2023 ஜனவரியில் அறிவித்தது. வயல் கிடைக்காத இளையவர்கள் இப்போது கொரியாவுக்கு வேலைக்குப் போக, கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள்.