படத்தை நீக்கச் சொல்லி மிரட்டல் மெயில்: தளம் நடத்துபவர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: பறவைப் படங்களுக்காக ஒரு சிறிய இணையதளம் நடத்துகிறேன். உறுப்பினர்களே படங்களை ஏற்றுவார்கள். சர்வர், அதை நடத்தும் நிறுவனம் இரண்டும் அமெரிக்காவில். போன வாரம் ஒருவர், "என் மீன்கொத்திப் படத்தைத் திருடிப் போட்டிருக்கிறீர்கள். இது காப்புரிமை மீறல். 24 மணி நேரத்தில் நீக்கி நஷ்ட ஈடு தராவிட்டால் வழக்கு" என்று மெயில் அனுப்பினார். லிங்க் இல்லை, கையெழுத்தும் இல்லை. தளத்தில் மீன்கொத்திப் படங்களே நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அதில் ஒன்றின் கீழ் ஓரத்தில் ஏதோ எழுத்துகள் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகின்றன. ஏற்றியவரைக் கேட்டால், "நான் எடுத்ததுதான்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்த 24 மணி நேரக் கெடு அவராகப் போட்டுக்கொண்டது. அமெரிக்காவின் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டமான டி.எம்.சி.ஏ. (1998) முறையான புகார் வந்தால் விரைந்து நீக்கச் சொல்கிறதே தவிர, மணிக்கணக்கு எதுவும் வைக்கவில்லை. பிறர் ஏற்றியதைச் சேமித்து வைக்கும் தளத்துக்கு நஷ்ட ஈட்டுப் பொறுப்பு வராமல் காப்பதும் அதே சட்டத்தின் 512-ஆம் பிரிவுதான். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் கேட்கிறேன்: புகார்களைப் பெறும் பிரதிநிதியை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? கட்டணம் வெறும் 6 டாலர். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பலர் தளத்தில் ஒரு முகவரியைப் போட்டதோடு விட்டுவிடுகிறார்கள், பதிவும் வேண்டும். இல்லையென்றால் இன்றே செய்யுங்கள். ஆனால் முந்தைய நாள்களுக்கு அது குடை பிடிக்காது. திரும்பத் திரும்ப மீறுபவரின் அக்கவுண்ட்டை முடக்கும் விதியும் தளத்தில் இருக்க வேண்டும்.

சரி, இப்போது மெயிலுக்கு வருவோம். முறையான புகாரில் எது தன் படைப்பு, தளத்தில் அது எங்கே இருக்கிறது, தன்னை எப்படித் தொடர்புகொள்வது என்ற மூன்றும் இருக்க வேண்டும். கூடவே கையெழுத்தும், அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக நல்லெண்ணத்துடன் நம்புவதாகவும் தகவல்கள் சரியானவை என்றும் உறுதிமொழியும், உரிமையாளர் சார்பில் செயல்பட அதிகாரம் உண்டு என்று பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு உட்பட்டு (அதாவது, பொய்யென்றால் அந்தக் குற்றத்துக்குத் தண்டனை உண்டு என்று ஏற்று) சொல்லும் வாசகமும். முதல் மூன்றும் இருந்து மற்றவை விடுபட்டிருந்தால், நீங்களே அவரைத் தொடர்புகொண்டு கேட்க வேண்டும். குப்பையில் போட முடியாது. இங்கே லிங்க்கே இல்லை. அப்படியும் பதில் போடுங்கள். "எந்தப் படம் என்று லிங்க் தாருங்கள், விடுபட்ட விவரங்களையும் சேருங்கள்" என்பது போதும். மன்னிப்பு, நஷ்ட ஈட்டுப் பேச்சு எதுவும் வேண்டாம். பின்னால் அதையே ஒப்புதலாகக் காட்டுவார்கள். இன்னொன்று, காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்கு. படத்துக்குப் பதிப்புரிமை. பதிலிலாவது சரியாக எழுதுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த வெட்டுப்பட்ட எழுத்துகள்தான். படம் எடுத்த வேறொருவர் போட்ட பெயர் முத்திரையாக (வாட்டர்மார்க்) அது இருக்கலாம். புகார் ஒழுங்காக வரவில்லை என்பதற்காக, மீறல் கண்ணுக்குத் தெரிந்தும் விட்டுவைத்தால் 512 காப்பாற்றாது. அந்தப் படத்தை இப்போதைக்கு இறக்கிவிட்டு, உறுப்பினருக்கு உடனே தெரிவியுங்கள். கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைக் கேளுங்கள். மீன்கொத்தி பாயும்போது யாரும் ஒரே ஒரு தடவை கிளிக் செய்வதில்லை. முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்கள் அவரிடம் இருக்கும். வெட்டாத படமே இல்லை என்றால், எனக்கு அவர் பேச்சில் நம்பிக்கை குறையும்.

அதற்காக நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. முறையான புகார் வந்து படம் இறங்கினால், உறுப்பினர் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். தவறுதலாக நீக்கப்பட்டது என்று பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு உட்பட்டு எழுதி, அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தின் அதிகாரத்தையும் ஏற்க வேண்டும். அதன் நகல், அவர் பெயர், முகவரி, போன் எண்ணோடு, புகார்தாரருக்குப் போகும். இதை உறுப்பினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பலர் இங்கேயே பின்வாங்குவார்கள். புகார்தாரர் வழக்குப் போட்டதாகத் தெரிவிக்காவிட்டால், படம் 10 முதல் 14 வேலை நாளுக்குள் திரும்ப ஏற வேண்டும். தெரிந்தே பொய் சொன்னவர், எந்தப் பக்கமானாலும், 512(எஃப்)-ன் கீழ் நஷ்ட ஈடு கட்ட நேரும்.

வந்த மெயிலை அப்படியே சேமித்து, எப்போது வந்தது, படத்தை எப்போது இறக்கினீர்கள் என்று குறித்து வையுங்கள். மெயில் அனுப்பியவர் லிங்க்கோடு முழுப் புகார் அனுப்பினால், அன்றைக்கே அந்த லிங்க்கில் உள்ள படத்தை இறக்கிவிட்டு இருவருக்கும் எழுதுங்கள்.