கேலிச்சித்திரத்துக்குத் தடை கேட்கலாமா?

அன்புள்ள அக்கா,

2013 அக்டோபரில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நம் தென்னாப்பிரிக்காவின் சண்டே டைம்ஸ் பத்திரிகையில் கேலிச்சித்திரக்காரர் ஸபீரோ பிள்ளையாரை வரைந்தார். கையில் கிரிக்கெட் மட்டை, பணக்கட்டு. அம்மா இன்றுவரை அதைச் சொல்லி வருத்தப்படுகிறார். 2006-இல், டென்மார்க் பத்திரிகை ஒன்று வெளியிட்ட நபியின் கேலிச்சித்திரங்களை இங்கே வெளியிடக் கூடாது என்று ஜோஹன்னஸ்பர்க் நீதிமன்றம் தடை போட்டது. முஸ்லிம்களுக்குக் கிடைத்தது நமக்கு ஏன் கிடைக்கவில்லை? நாமும் வழக்குப் போட்டிருக்க வேண்டாமா?

வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள தம்பி,

அம்மாவின் வருத்தம் நியாயமானது. இந்திய கிரிக்கெட் வாரியத்தைத் திருப்திப்படுத்த, தென்னாப்பிரிக்க வாரியம் தன் அப்போதைய தலைமை நிர்வாகி ஹாரூன் லோர்கட்டைப் பலி கொடுக்கிறது என்பதுதான் அந்தப் படத்தின் கருத்து. அதைச் சொல்ல ஸபீரோவுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பணத்திமிருக்கு ஒரு முகம் தேவைப்பட்டதும் பிள்ளையார் முகத்தை எடுத்து ஒட்டிவிட்டார். மும்பையில் இருக்கும் அந்த இந்திய வாரியத்துக்கும், கரும்புத் தோட்டத்துக் கூலிகளாக வந்து கோவில் கட்டிக் கும்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம்? அது சோம்பேறித்தனமான படம்.

அதற்காகக் கோர்ட்டுக்குப் போகலாமா என்றால், கூடாது என்பேன். 2006 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். படங்களைப் போட மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கப் பத்திரிகைகள் மறுத்தன, அவ்வளவுதான். அதற்கே தடை வந்தது. அச்சேறாத பக்கத்தை ஒரு நீதிபதி நிறுத்துவது எந்த மதத்தின் பெயரால் நடந்தாலும் எனக்கு ஏற்பில்லை. அதே வாரம் மெயில் அண்ட் கார்டியன் பத்திரிகை அந்த டென்மார்க் படங்களில் ஒன்றைச் செய்தியோடு போட்டது. அதன் ஆசிரியர் ஃபெரியல் ஹாஃபஜி ஒரு முஸ்லிம் பெண். அவருக்கு மிரட்டல்கள் வந்தன. மனம் புண்பட்டவர்களிடம் அவர் மன்னிப்பும் கேட்டார். மிரட்டியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. வாசகர் முன் நின்று பதில் சொன்ன அந்த ஆசிரியரை மதிக்கிறேன்.

அப்புறம், முஸ்லிம்களுக்கு எப்போதும் தடை கிடைத்ததாகவும் நினைக்க வேண்டாம். 2010-இல் அதே மெயில் அண்ட் கார்டியனில் ஸபீரோ நபியை வரைந்தபோது தடை கேட்டுப் போனார்கள், கோர்ட் மறுத்துவிட்டது.

நம் அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு, மதத்தின் பேரில் வெறுப்பைப் பரப்பித் தீங்கு செய்யத் தூண்டும் பேச்சுக்குப் பாதுகாப்பு தருவதில்லை. பிள்ளையார் படம் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. அந்த எல்லையை நம் வசதிக்கு நகர்த்தினால் நாளைக்கு யார் மாட்டுவார்? 1908-இல் டர்பனில் பி.எஸ். ஐயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆஃப்ரிக்கன் கிரானிக்கிள் என்ற பத்திரிகையைத் தொடங்கி, காந்தியையே கடுமையாகச் சாடினார். புண்பட்டவர்கள் சொன்னதுதான் சட்டம் என்றிருந்தால் அந்தப் பத்திரிகை பிழைத்திருக்காது.

சண்டே டைம்ஸிடம் நாம் கேட்டிருக்க வேண்டியது வேறு. அந்தப் படம் வந்த அதே பக்கத்தில், அதே அளவு இடத்தில், உங்கள் அம்மா போன்ற ஒருவரின் பதில். வாசகர் கடிதப் பகுதியில் நாலு வரி போட்டால் போதாது. இனி இப்படி ஒன்று வந்தால் கோவில் கமிட்டியோடு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா