சின்ன மந்திரம் எதற்கு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டத்தில் முதல்முறையாக மந்திரவாதி பாத்திரம் எடுத்திருக்கிறேன். மூன்று கேன்ட்ரிப், அதாவது எத்தனை தடவை வேண்டுமானாலும் போடக்கூடிய சின்ன மந்திரம், தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். மூன்றையுமே எதிரியை அடிக்கிற மந்திரமாக எடுத்துவிட்டால் என்ன? மாயக் கையையும் துணி சுத்தம் செய்கிற வித்தையையும் வைத்துக்கொண்டு டிராகனை எப்படிக் கொல்வது?

பதில்: கொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாள் ஆட்டத்தில் டிராகன் எவ்வளவு நேரம் வருகிறது? மீதி நேரமெல்லாம் பூட்டிய கதவும், வாயைத் திறக்காத காவலாளியும், ஆழம் தெரியாத பள்ளமும்தானே. அங்கே நெருப்பை வீசி என்ன செய்வீர்கள்?

அடிக்கிற மந்திரம் ஒன்று கட்டாயம் வேண்டும். ஃபயர் போல்ட் எடுத்துக்கொள்ளுங்கள். 120 அடி தூரம் போகும், பட்டால் ஒரு பத்து முகப் பகடை உருட்டி அடியைக் கணக்கிடலாம், 5, 11, 17 லெவல்களில் ஒவ்வொரு பகடை கூடும். ஆனால் ஒரு சுற்றில் இவற்றில் ஒன்றைத்தான் வீச முடியும் என்பதால் இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலான நாட்களில் தாளில் எழுதி வைத்ததோடு சரி. (நெருப்பு பலிக்காத எதிரி வரலாம் என்று குளிர் மந்திரம் ஒன்றையும் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. அது தப்பில்லை.)

மீதி இரண்டு இடங்களில்தான் விஷயம் இருக்கிறது. 2014 விதிகளில் முதல் லெவல் மந்திரவாதிக்கு ஸ்லாட் (பெரிய மந்திரம் போடுவதற்கான வாய்ப்பு) இரண்டே இரண்டு, அதைச் செலவழிக்கும் முன் பத்து தடவை யோசிப்பீர்கள், யோசித்து யோசித்தே செலவழிக்காமல் இருந்துவிடுவீர்கள். கேன்ட்ரிப்புக்கு அந்தப் பயம் இல்லை. பலிக்குமா என்று தெரியாத யோசனையைக்கூடச் சும்மா போட்டுப் பார்க்கலாம், பலிக்காவிட்டால் போனது ஒரு சுற்று மட்டும்தான்.

மேஜ் ஹேண்டை, அதாவது நீங்கள் சொன்ன மாயக் கையை, எடுத்துக்கொள்வோம். அந்தக் கை 10 பவுண்டுக்கு மேல் தூக்காது, யாரையும் அடிக்காது, உங்களிடமிருந்து 30 அடி தாண்டினால் மறைந்துவிடும். படித்தால் சப்பென்றுதான் இருக்கும். எங்கள் ஆட்டம் ஒன்றில் பாழடைந்த அறையின் நடுவே ஒரு பெட்டி இருந்தது. யார் திறப்பது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதுவரை வாயே திறக்காத ஒரு புதிய ஆள் "நாம வெளியே நிக்கலாமே, கை திறக்கட்டும்" என்றார். மூடி திறந்ததும் விஷ ஊசி பாய்ந்து வந்து வெறும் காற்றைக் குத்தியது. அன்றைக்கு நான் செலவழித்த ஸ்லாட் எதுவும் எனக்கு ஞாபகமில்லை, அந்த ஊசி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மைனர் இல்யூஷனும் அப்படித்தான். ஐந்தடி நீள, அகல, உயரத்துக்குள் அடங்கும் ஓர் உருவம், இல்லையென்றால் ஒரு சத்தம், இரண்டும் சேர்ந்து வராது, ஒரு நிமிடம்தான் நிற்கும். மாயப் பெட்டி ஒன்றை உருவாக்கி அதன் பின்னால் குனிந்துகொள்ளலாம், தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் யாரோ இருமுவதுபோல் கேட்கச் செய்து காவலாளியை நகர்த்தலாம். தொட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் யாரும் தொடாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும், ஆட்டத்தில் எனக்குப் பிடித்த யோசனைகள் எல்லாம் இந்த மாதிரி ‘முடியாது’களைச் சுற்றித்தான் பிறந்திருக்கின்றன. ஆகவே ஒன்று அடிக்க, ஒன்று தொட, ஒன்று ஏமாற்ற என்று எடுங்கள்.

கேள்வி: கேன்ட்ரிப் ஆரம்பத்திலிருந்தே இலவசமா?

பதில்: இல்லை. 1974இல் ஆட்டம் வெளிவந்தபோது கேன்ட்ரிப்பே கிடையாது. முதல் லெவல் மந்திரவாதிக்கு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம், அதைப் போட்டுவிட்டால் அப்புறம் கத்தியோடு பின்வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1982இல் டிராகன் இதழில் இந்தக் குட்டி வித்தைகளை எழுதினார், 1985இல் அவை விதிப்புத்தகத்துக்குள் வந்தன. 1989 பதிப்பில் எல்லாவற்றையும் சுருட்டி ஒரே மந்திரமாக ஆக்கினார்கள். 2000இல் பூஜ்ய லெவல் மந்திரங்கள் என்று திரும்பி வந்தன, ஆனால் அதற்கும் நாளைக்கு இத்தனை என்று ரேஷன் இருந்தது. அந்த ரேஷன் 2008இல் போனது. இன்று நாம் பழகியிருக்கும் வடிவம் 2014இல் வந்தது.

கேள்வி: நான் ஆட்டம் நடத்துபவன். எங்கள் குழுவில் ஒருவர் யார் எதை முயன்றாலும் "கைடன்ஸ் போடுகிறேன்" என்கிறார். எரிச்சலாக இருக்கிறது. தடை செய்துவிடலாமா?

பதில்: தடை வேண்டாம். விதியை முழுசாகப் படித்துக் காட்டுங்கள். கைடன்ஸும் ஒரு கேன்ட்ரிப்தான், முயற்சிக்காக உருட்டும் பகடையோடு கூட்டிக்கொள்ள அது கொடுப்பது ஒரு நான்கு முகப் பகடை, சராசரியாக இரண்டரை. ஆளைத் தொட வேண்டும், மனதை அதிலேயே குவித்து வைத்திருக்க வேண்டும், ஆகவே அதேபோல் மனக்குவிப்பு கேட்கும் வேறு மந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் அது கலைந்துவிடும். வாயால் உச்சரிக்கவும் வேண்டும், கையசைக்கவும் வேண்டும். பிரபுவிடம் உங்கள் ஆள் நைசாகப் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் அவர் தோளைத் தொட்டு முணுமுணுத்தால் பிரபு என்ன நினைப்பார்? ஒரே ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்க்க வையுங்கள், போதும். பள்ளத்தில் விழப்போகும் கணத்தில் போடுகிறேன் என்றாலும் செல்லாது, மந்திரம் முதலிலேயே போடப்பட்டிருக்க வேண்டும். 2024 திருத்தத்தில் எந்தத் திறமைக்கு என்றும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், அவர் சக ஆட்டக்காரர்களுக்கு உதவத்தானே துடிக்கிறார்? எங்கள் குழுவில் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: பிரெஸ்டிடிஜிடேஷன் (துணி சுத்தம் செய்கிற அதே வித்தை) உணவின் சுவையை மாற்றும் என்கிறார்கள். விஷம் கலந்த சூப்பின் கசப்பை அதை வைத்து மறைத்தேன், ஆட்டம் நடத்துபவர் ஒத்துக்கொள்ளவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள்தான். ஒரு கன அடிக்குள் அடங்கும் உயிரற்ற பொருளுக்குச் சுவையூட்டலாம் என்று விதியிலேயே இருக்கிறது, சூப்புக் கிண்ணம் அதைவிடச் சின்னது. ஆனால் அந்தச் சுவை ஒரு மணி நேரம்தான். விருந்தாளி தாமதமாக வந்தால் என்னிடம் வராதீர்கள்.